இறப்புச் சான்றிதழில் மரணத்துக்கான காரணம் ஏன் இருப்பதில்லை? டாக்டர் பதிவிடும் 'படிவம் 4' என்ன சொல்கிறது?

வீட்டில் ஒருவர் தவறிவிட்டால் வங்கி, இன்சூரன்ஸ், பி.எஃப் என எல்லா இடத்திலும் முதலில் கேட்பது இறப்புச் சான்றிதழ். அதில் பெயர், தேதி, இடம் எல்லாம் இருக்கும். எதனால் இறந்தார் என்பது மட்டும் இருக்காது. விட்டுப்போச்சோ என்று பதற வேண்டாம். சான்றிதழில் காரணத்தை வெளியிடக் கூடாது என்பது 1969-ம் ஆண்டு பிறப்பு, இறப்பு பதிவுச் சட்டத்தின் 17-வது பிரிவிலேயே இருக்கிறது.

அப்போ காரணம் எங்கே இருக்கும்?

டாக்டர் கையெழுத்திடும் தனி ஆவணத்தில். 'எம்.சி.சி.டி' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் இறந்தால் படிவம் 4. வெளியே இறந்து, கடைசியாக வைத்தியம் பார்த்த டாக்டர் சான்று தந்தால் படிவம் 4ஏ.

ஆன்லைனில் என்ன நடக்கிறது?

ஆஸ்பத்திரி தனக்கான லாகினில் நுழைந்து, பதிவு போர்ட்டலில் இறப்புத் தகவலை ஏற்றும். பதிவாளர் சரிபார்த்து ஒப்புதல் தந்ததும் சான்றிதழ் தயார். 2023 அக்டோபர் 1 முதல் அமலில் உள்ள சட்டத்திருத்தம், சான்றிதழை மின்னணு வடிவிலும் தர வழிசெய்தது. பதிவு முடிந்த 7 நாள்களுக்குள் அதை இலவசமாகத் தர வேண்டும்.

டாக்டர் என்ன எழுத வேண்டும்?

இங்கேதான் சிக்கல். படிவத்தில் காரணங்களைச் சங்கிலி போல எழுத வேண்டும். உதாரணமாக, முதல் வரியில் மூளையில் ரத்தக்கசிவு. அதற்குக் கீழே, அதை உண்டாக்கிய உயர் ரத்த அழுத்தம். கடைசி வரியில் வருவதுதான் அடிப்படைக் காரணம். புள்ளிவிவரத்தில் பொதுவாக எண்ணப்படுவதும் அதுதான். ஆனால் அவசரத்தில் பலர் 'கார்டியாக் அரெஸ்ட்' என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். யார் இறந்தாலும் இதயம் நிற்கத்தானே செய்யும்? அது காரணம் ஆகாது. கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும். தவறான காரணத்தை அவ்வளவு சுலபமாகக் கண்டுபிடிக்காது.

இதனால் யாருக்கு நஷ்டம்?

2020-ல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் 22.5 சதவீதத்துக்குத்தான் காரணம் மருத்துவரீதியாகச் சான்றளிக்கப்பட்டிருந்தது. எந்த நோய்க்கு எவ்வளவு நிதி ஒதுக்குவது என்று அரசு முடிவெடுக்க உதவும் தரவு இது. குடும்பங்களுக்கும் இது முக்கியம். கோவிட் இறப்புக்கு ரூ.50,000 நிவாரணம் அறிவிக்கப்பட்டபோது, சான்றிதழில் கோவிட் என்று இல்லை என்பதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது.

நீங்கள் என்ன செய்யலாம்?

* ஆஸ்பத்திரியில் எம்.சி.சி.டி நகலைக் கேட்டு வாங்குங்கள். அரசு, தனியார் எதுவானாலும் நெருங்கிய உறவினருக்கு நகல் தர வேண்டும். சான்றுக்குக் கட்டணம் கூடாது என்கிறது திருத்தச் சட்டம்.
* 'கார்டியாக் அரெஸ்ட்' என்று மட்டும் இருந்தால், அடிப்படை நோய் என்ன என்று டாக்டரிடம் அப்போதே கேளுங்கள். பெயர், வயதையும் சரிபாருங்கள். பிறகு திருத்துவது அலைச்சல்.
* 21 நாள்களுக்குள் பதிவாக வேண்டும். ஆஸ்பத்திரி இறப்பை ஆஸ்பத்திரிதான் தெரிவிக்க வேண்டும். வீட்டில் நடந்தால் குடும்பத்தின் பொறுப்பு.
* பதிவு நடப்பது இறந்த இடத்தில். சொந்த ஊர் மதுரையாக இருந்தாலும், பெங்களூரு ஆஸ்பத்திரியில் இறந்தால் பெங்களூருவில்தான் சான்றிதழ் வாங்க வேண்டும்.