பால்மாப் பேணிக்குள் ஒரு மாதுளை

வலிகாமம் வடக்கில் மீளக் குடியேறிய ஒரு குடும்பத்தின் விபரங்களைத் திரட்டச் சென்றிருந்தேன். 1990 ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்து, இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக நலன்புரி நிலையத்திலும் உறவினர் வீடுகளிலும் வாழ்ந்துவிட்டுச் சொந்த வளவுக்குத் திரும்பியவர்கள் அவர்கள். அத்திவாரமும் கிணறும்தான் மிஞ்சியிருந்தனவாம். படிவத்தில் இழந்த சொத்துக்கள் பற்றிய கேள்விக்கு வந்தபோது, அந்த அம்மா முதலில் வீட்டைச் சொல்லவில்லை.

“கிணத்தடியில ஒரு மாதுளை நிண்டது பிள்ளை. முத்து அப்பிடிச் சிவப்பு. எங்கட அம்மா வைச்சது” என்றார்.

நான் கிணற்றடியைப் பார்த்தேன். இடுப்பளவு உயரத்தில் ஒரு மாதுளை அங்கே நின்றது.

“அது அதே மரந்தான்” என்று சிரித்தார்.

கதை இதுதான். அவருடைய அக்கா கலியாணம் முடித்துக் கோப்பாய்க்குப் போகும்போது, தாயார் அந்த மாதுளையின் ஒரு கொப்பில் பதி வைத்து, வேர்விட்ட கன்றைக் கையிலே கொடுத்து அனுப்பியிருக்கிறார். “பால்மாப் பேணியை இரண்டாய்ப் பிளந்து கொப்பில வைச்சுக் கட்டினவ. நாங்கள் அம்மாவுக்கு விசர் எண்டு சிரிச்சனாங்கள்.” தாய்மரம் இருந்த வளவு காடாகிப்போனது. அக்காவின் வளவில் நின்ற மரம் தப்பியது. ஊர் திரும்பியதும் அந்த மரத்தின் கொப்பொன்றில் இவர் பதி வைத்தார். இந்த முறை பேணிக்குப் பதிலாகச் சோடாப் போத்தல்.

சமூகவியல் படித்த எனக்கு அங்கே தேசவழமை ஞாபகம் வந்தது. 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த அந்த வழக்காற்றுச் சட்டத்தின்படி எம்மவரிடையே வீடும் வளவும் பெரும்பாலும் சீதனமாகப் பெண்பிள்ளைக்கே போகின்றன. மூன்று பெண்பிள்ளைகள் இருந்தால் வீடு ஒருத்திக்குத்தான். கிணற்றடி மரமும் அவளுக்குத்தான். ஆனால் பதி வைக்கத் தெரிந்த தாய்க்கு அந்த மரத்தை மூவருக்கும் கொடுக்க முடிகிறது. எந்த உறுதியிலும் எழுதப்படாத சீதனம் இது.

விதை போட்டால் போதாதா என்று கேட்கலாம். மாதுளை, கொய்யா போன்றவற்றில் விதைக் கன்று தாய்மரத்தைப் போலவே வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நிறமும் இனிப்பும் மாறிப்போகலாம். தேசிக்காய் விதையில் பெரும்பாலும் தாயைப்போலவே வரும், ஆனால் காய்க்கும்வரை பல வருடங்கள் காத்திருக்க வேண்டும். பதி வைத்த கன்று தாய்மரத்தின் கொப்பேதான். குணம் மாறாது, காய்ப்பதும் முந்தும். மகாராஷ்டிர மாநிலத்தின் மாதுளைத் தோட்டங்களுக்கும் பீகாரின் லிச்சித் தோட்டங்களுக்கும் கன்றுகள் பெருமளவில் இம்முறையிலேயே எடுக்கப்படுகின்றன.

சரி, கொப்பில் எப்படி வேர் வருகிறது? இலை தயாரிக்கும் உணவு பட்டை வழியாகக் கீழிறங்குகிறது. வேர் உறிஞ்சும் நீர் உள்ளே இருக்கும் கட்டை வழியாக மேலேறுகிறது. பட்டையை மட்டும் வளையமாக எடுத்துவிட்டால் கொப்புக்குத் தண்ணீர் தடைப்படாது, ஆனால் கீழிறங்கும் உணவும் வளர்ச்சிச் சுரப்பும் வெட்டின் மேல் விளிம்பில் தேங்கிவிடும். அந்த இடத்தை இருட்டாகவும் ஈரமாகவும் வைத்தால் அங்கேயே வேர் அரும்பும்.

பென்சில் தடிப்பில், ஒரு வயது அளவான, நோயில்லாத நேர்க்கொப்பாகத் தெரிவுசெய்யுங்கள். நுனியிலிருந்து ஒன்றரை அடி அளவில் இலைகளைக் கிள்ளிவிட்டு, கூரான கத்தியால் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையைச் சுற்றிக் கழற்றுங்கள். பெரும்பாலானோர் பிழைவிடும் இடம் இதுதான். பட்டை போனதும் உள்ளே வழுவழுப்பாக ஒரு மெல்லிய படை தெரியும். அதைக் கத்தியின் முதுகால் நன்றாகச் சுரண்டி எடுக்க வேண்டும். நான் முதன்முதலில் கட்டிய ஐந்து கொப்புகளில் நான்கில் வேர் வரவில்லை. பிரித்துப் பார்த்தால், நான் சுரண்டாமல் விட்ட அந்தப் படையிலிருந்து புதுப்பட்டை வளர்ந்து வெட்டுக்காயத்தை மூடியிருந்தது. மரத்துக்குத் தன் காயத்தை ஆற்றத் தெரிகிறது, எங்களுக்குத்தான் அவசரம்.

சுற்றிக் கட்டுவதற்குத் தும்புத்தூள் நல்லது. அதை இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்து, கறுப்புச் சாயம் போகக் கழுவுங்கள். கரையோரப் பகுதிகளிலும் தீவுகளிலும் உள்ளவர்கள் உவர்க்கிணற்றுத் தண்ணீரை விட்டு மழைநீரையோ நன்னீரையோ பயன்படுத்துவது நல்லது. மக்கிய மாட்டெருவும் செம்மண்ணும் ஒவ்வொரு பிடி சேர்க்கலாம். கையில் அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி மட்டும் சொட்ட வேண்டும். அதற்கு மேல் ஈரமிருந்தால் வேர் அழுகும்.

இனிக் கொள்கலன். பொலித்தீன் 1933 இல்தான் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன்னரும் உலகம் பதி வைத்துக்கொண்டுதான் இருந்தது. கி.மு. 2 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேட்டோ என்ற உரோமர் தமது பயிர்ச்செய்கை நூலில், அடியில் துளையிட்ட பானையையோ கூடையையோ கொப்பில் கோர்த்து மண் நிரப்பும் முறையை விளக்குகிறார். இரண்டு வருடங்களின் பின் அதன் கீழே வெட்டி, கூடையோடு நட்டுவிடலாம் என்கிறார். அந்த அம்மாவின் பால்மாப் பேணிக்கு இரண்டாயிரம் வருட உறவுக்காரர்கள் இருக்கிறார்கள்.

எமது வீடுகளில் இலகுவாகக் கிடைப்பது அரை லீற்றர் சோடாப் போத்தல். மேலும் கீழும் வெட்டி நீக்கி, நடுக்குழாயை நீளப்பாட்டில் கீறி, கொப்பைச் சுற்றி மூடி, கீழ்வாயைத் துணியால் அடைத்துக் கட்டுங்கள். தும்புத்தூளை இறுக்கமாக நிரப்பி மேல்வாயையும் கட்டுங்கள். உரித்த பகுதி நடுவில் வர வேண்டும். போத்தலுக்கு வெளியே கறுப்புத் துணி சுற்ற மறக்க வேண்டாம். வேருக்கு இருட்டு வேண்டும், வெயிலில் போத்தல் கொதிக்கவும் கூடாது. துணியை விலக்கினால் வேர் வந்ததா என்று பார்க்கலாம் என்பதுதான் போத்தலின் வசதி. ரோசா, குரோட்டன் போன்ற சிறு கொப்புகளுக்கு யோகட் கோப்பையே போதும். பக்கவாட்டில் ஒரு வெட்டும் அடியில் ஒரு துளையும் போட்டால் சரி. சிரட்டை இரண்டைச் சேர்த்துக் கட்டினாலும் அழகாக இருக்கும், பாரம்தான் கூட.

பனங்கட்டிக் குட்டானிலும் முயன்று பார்த்தேன். குட்டானோடு நடலாமே என்ற ஆசை. சரியாகக் கழுவாமல் கட்டியதால் அடுத்தநாள் அந்தக் கொப்பு முழுவதும் எறும்பு! ஓலை ஈரத்தையும் வைத்திருக்காது, காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டும். அதற்கு ஒரு பழைய வழி உண்டு. அடியில் சிறு துளையிட்ட முட்டியை மேல்கொப்பில் தொங்கவிட்டு, துளைவழியே துணித்திரி ஒன்றைப் பதிவரை இறக்கினால் தண்ணீர் சொட்டுச்சொட்டாக இறங்கும். முட்டியின் வாயை மட்டும் துணியால் மூடிக் கட்டுங்கள். கொள்கலன்களின் அடியிலும் தண்ணீர் தேங்கக்கூடாது. மாரியில் டெங்கு எம்மைப் படுத்தும் பாடு தெரியும்தானே.

சித்திரை மழையோடு கட்டினால், ஆனி ஆடிக்குள் வேர்விட்டவற்றை வெட்டி நிழலில் பைகளில் வளர்த்து, ஐப்பசி மழையில் நிலத்தில் நடலாம். சோளகக் காற்றில் ஆடினால் பிஞ்சு வேர் அறுந்துவிடும், ஆகவே கொள்கலனைப் பக்கத்துக் கொப்போடு சேர்த்துக் கட்டுங்கள். ரோசா, குரோட்டன் நான்கு முதல் ஆறு கிழமை எடுக்கும். மாதுளைக்கு இரண்டு மாதம் அளவில், தேசிக்கும் கொய்யாவுக்கும் மூன்று மாதம் வரை. முதல் வேரைக் கண்டதும் வெட்டுபவர்கள்தான் அதிகம். வெள்ளை வேர் பழுப்பாகிக் கிளைவிடும்வரை பொறுங்கள். பின்னர் கொள்கலனின் கீழே முதலில் பாதியளவு வெட்டி, பத்து நாள் கழித்து முழுவதும் வெட்டுங்கள். இலைகளில் பாதியை நீக்கி, மண் உதிராமல் பைக்கு மாற்றி, இரண்டு மூன்று கிழமை நிழலில் வையுங்கள். இக்கன்றுகளுக்கு ஆணிவேர் இல்லை. நிலத்தில் நட்டதும் தடி ஊன்றிக் கட்டாவிட்டால் காற்றில் சாய்ந்துவிடும்.

எல்லா மரமும் இதற்கு இணங்காது. பனை, தென்னை, வாழையில் இது நடக்காது, அவற்றின் தண்டமைப்பே வேறு. மாமரம் இலகுவில் வேர்விடாது. கறுத்தக் கொழும்பான் வேண்டுமென்றால் ஒட்டுக்கன்றுதான். தேசி மரத்தில் இலை மஞ்சளாகி, கொப்பு நுனி காய்ந்திருந்தால் அதில் பதி வைக்க வேண்டாம். தாயின் நோயும் கன்றோடு வந்துவிடும்.

பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கான எங்கள் கூட்டமொன்றில் இதைச் செய்து காட்டியபோது ஒரு சகோதரி கேட்டார்: “எனக்கு நல்ல மரம் ஒண்டும் இல்லையே அக்கா, எதில வைக்கிறது?” நியாயமான கேள்வி. சொந்த நிலமில்லாதவரிடம் தாய்மரம் எங்கிருந்து வரும்? பக்கத்தில் இருந்தவர் தன் வீட்டு ஜம்புவில் இரண்டு கொப்பு தருவதாகச் சொன்னார். இப்போது அந்தக் குழுவினர் போத்தலில் பெயர் எழுதி, ஒருவர் மரத்தில் மற்றவர் கட்டுகிறார்கள். கட்டியவருக்கு ஒரு கன்று, மரத்துக்காரருக்கு ஒரு கன்று என்பது அவர்களாகவே வைத்துக்கொண்ட கணக்கு.

வலிகாமம் வடக்கு அம்மாவைச் சென்ற மாதம் மறுபடி கண்டேன். கனடாவிலிருக்கும் தங்கைக்கும் அந்த மாதுளையில் ஒன்று வேண்டுமாம். மண்ணோடு கன்றைக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று விளங்கப்படுத்தினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப அவளின்ர பேரில ஒண்டை இஞ்சயே வைப்பம்” என்றவர், கழுவிக் கவிழ்த்திருந்த போத்தல்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார்.