கூதிர்காலச் சுற்றுலா: நீர்வழியே ஒரு திட்டம்

சுற்றுலா என்ற சொல்லைக் கேட்டவுடன் மாணவர் உள்ளம் துள்ளுவது இயல்பு. எங்கே போவது, எப்போது போவது, எவ்வளவு செலவாகும் என்ற மூன்று கேள்விகள் எழுந்தவுடன் வகுப்பே நான்கு கட்சிகளாகப் பிரிந்துவிடுவதும் இயல்பே. எங்கள் துறையில் சென்ற ஐப்பசியில் ஒரு நாள் சுற்றுலாவுக்குத் திட்டம் தீட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. உதகை என்றனர் சிலர்; மூணாறு என்றனர் சிலர். நம் மாவட்டத்து ஏரிகளையும் அணைகளையும் பார்ப்போம் என்றேன் நான். அந்தத் திட்டம் எவ்வாறு உருவாயிற்று என்பதை விளக்கினால், இனி இப்பொறுப்பை ஏற்கும் இளைய மாணவர்க்குப் பயன்படும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பருவம் அறிதல்

மேலை நாட்டார் 'இலையுதிர் காலம்' என்று சொல்லும் மாதங்கள் நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும். அங்கே பகல் குறுகிக் குளிர் ஏறும்போது இலைகளில் பச்சையம் குறைகிறது. மஞ்சளும் சிவப்பும் வெளிப்படுகின்றன. ஜப்பானியரும் இங்கிலாந்து மக்களும் ஏரிக்கரைகளை நாடிச் செல்வது அந்த வண்ணத்தைக் காணத்தான். நம் பழனிமலைச் சோலைக்காடுகளோ என்றும் பசுமை மாறாதவை. தமிழர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்து, இவ்விரு மாதங்களுக்குக் 'கூதிர்' என்று பெயரிட்டனர். இது மழையும் வாடையும் சேர்ந்த காலம். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றே தருகிறது. ஆகவே நம் கூதிர்காலச் சுற்றுலாவில் காண வேண்டிய காட்சி நீர். அஞ்ச வேண்டியதும் அதுவே. இந்த இரண்டையும் ஒருசேர நினைவில் வைத்தே திட்டமிட வேண்டும்.

சக்கரமும் ஆரங்களும்

ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் தம் ஊரான ஏரி மாவட்டத்துக்கு ஒரு வழிகாட்டி எழுதினார். 1810இல் முதலில் வெளிவந்த அந்நூலில், அங்குள்ள பள்ளத்தாக்குகள் ஒரு சக்கரத்தின் ஆரங்களைப் போல நடுமலையிலிருந்து பிரிகின்றன என்று விளக்குகிறார். நம் பழனிமலைத் தொடருக்கும் இவ்வுவமை நன்கு பொருந்தும். தெற்கே இறங்கும் மஞ்சளாறும் மருதாநதியும் வைகையைச் சேர்ந்தவை. வடக்கே இறங்கும் பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி ஆகியவை பழனியை ஒட்டிச் சண்முகநதியாகி அமராவதியில் கலக்கின்றன. கிழக்கே இறங்கும் குடகனாறு ஆத்தூர், வேடசந்தூர் வழியாக ஓடி அதே அமராவதியைச் சேர்கிறது. அமராவதி காவிரியில் சேர்கிறது. ஒரே மலையில் பெய்யும் மழை, விழும் சரிவைப் பொறுத்து மதுரைப் பக்கமோ கரூர்ப் பக்கமோ போகிறது!

இந்த ஆரங்கள் ஒவ்வொன்றிலும் ஓர் அணையோ ஏரியோ உண்டு. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முயல்வது பேருந்தின் சன்னலைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குச் சமம். எனவே கிழக்கிலும் தெற்கிலும் உள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஆத்தூர்

என் திட்டத்தில் முதல் இடம் ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கம். இதைச் சொன்னதும் அப்பக்கத்திலிருந்து வரும் வகுப்புத் தோழர் ஒருவர், “எங்க ஊரு டேமைப் பாக்கக் காசு குடுத்து பஸ்ஸுல வரணுமாக்கும்?” என்று கேட்க, வகுப்பே சிரித்தது. நான் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: “நம் கல்லூரிக் குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?” நாற்பது பேரில் விடை சொன்னவர் நால்வரே.

திண்டுக்கல் நகரம் குடிப்பது பெரும்பாலும் ஆத்தூர்த் தண்ணீரையும் காவிரித் தண்ணீரையும்தான். தோல் பதனிடும் தொழில் வளர்ந்த நம் ஊரில், அத்தொழிலின் கழிவால் பல பகுதிகளில் கிணற்று நீர் உப்பேறிக் கெட்டுப்போனது. ஆதலால் மலையிலிருந்து இறங்கும் நீரை நம்பியே நகரம் வாழ்கிறது. தன் வீட்டுக் குடத்தை நிரப்பும் நீர்த்தேக்கத்தை ஒருமுறையேனும் கண்ணால் பார்ப்பது கல்வியின் ஒரு பகுதி என்பது என் கருத்து.

காலை ஐந்தரைக்குப் புறப்பட்டுச் சின்னாளப்பட்டி, செம்பட்டி வழியாகச் சென்றால் ஏழு மணிக்குள் கரையில் நிற்கலாம். அணைகளுக்கு முன்அனுமதி தேவைப்படலாம். முதல்வரின் கையொப்பமிட்ட கடிதத்தைச் சில நாட்களுக்கு முன்பே உரிய அலுவலகத்தில் சேர்ப்பித்துவிடுவது நன்று.

வத்தலக்குண்டில் ஒரு முடிவு

அடுத்த இடம் கொடைக்கானல். வத்தலக்குண்டிலிருந்து செல்லும் மலைப்பாதை 1914இல் முடிந்து, 1916இல் பொதுப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. பாதையை அமைத்த பொறியாளர் லா என்பவரின் பெயரால் 'லாஸ் காட்' என வழங்குகிறது. அதற்கு முன் மலையேறியவர்கள் நடந்தும் மட்டக் குதிரையிலும் டோலியிலும் சென்றனர்.

மழைக்காலத்தில் இப்பாதையில் மண் ஏன் சரிகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். சாலைக்காகச் சரிவை வெட்டியதால் மேலே உள்ள மண்ணுக்கு அடிப்பிடிப்புக் குறைகிறது. தொடர்மழையில் அம்மண் நீரை உறிஞ்சிக் கனக்கிறது. துகள்களின் இடையே புகுந்த நீர் அவற்றின் பிணைப்பைத் தளர்த்துகிறது. ஒரு கட்டத்தில் மண்ணும் பாறையும் மரமும் சேர்ந்து இறங்கிவிடுகின்றன. மழை பெய்யும்போதுதான் இது நிகழும் என்றில்லை. மழை விட்ட மறுநாள் வெயிலிலும் நிகழலாம். எனவே மூன்று விதிகளை எழுதி, துறைத் தலைவரிடம் ஒப்புதல் பெற்றேன்.

ஒன்று: வானிலை ஆய்வு மையம் மாவட்டத்துக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தால் மலை ஏறுவதில்லை.

இரண்டு: முந்தைய இரண்டு நாட்கள் மலையில் கனமழை பெய்திருந்தால், அன்று வெயில் அடித்தாலும் ஏறுவதில்லை.

மூன்று: ஏறினால் பிற்பகல் மூன்று மணிக்கு இறங்கத் தொடங்கிவிட வேண்டும். மாலையில் மூடுபனி சூழ்ந்தால் ஓட்டுநருக்கு எதிரே வரும் வண்டி தெரியாது.

மலை ஏறுவதா இல்லையா என்ற முடிவை எடுக்கும் இடமாக வத்தலக்குண்டைக் குறித்தேன். அதுவரை சமவெளி, எந்தப் பக்கமும் திரும்பலாம். முடிவெடுக்கும் உரிமை உடன்வரும் ஆசிரியருக்கு மட்டுமே, வாக்கெடுப்புக் கிடையாது. திரும்ப நேர்ந்தால் எங்கே செல்வது என்பதையும் அதே தாளில் எழுதி வைத்தேன். மாற்று வழி கையில் இல்லாதபோதுதான், 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்ற எண்ணம் மனிதரை ஆபத்தில் தள்ளுகிறது.

மலைமேல் காண்பவை

ஏறினால் முதலில் நிற்க வேண்டிய இடம் டம்டம் பாறை. அங்கிருந்து தலையாற்று அருவி வெள்ளிக் கயிறு போலத் தெரியும். எலிவால் அருவி என்றும் இதைச் சொல்வர். உயரம் 297 மீட்டர். கீழே மஞ்சளாறு அணை பரந்து கிடக்கும். அருவியையும் அணையையும் ஒரே பார்வையில் காணும்போது, ஆறு என்றால் என்ன என்பது பாடம் இல்லாமலே விளங்கும்.

பெருமாள்மலையைக் கடந்தால் வெள்ளி அருவி. கொடைக்கானல் ஏரியின் மிகைநீரே இங்கு அருவியாக விழுகிறது. அந்த ஏரி இயற்கையாக அமைந்ததன்று. மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்சு 1863இல் ஓடைகளை மறித்து உண்டாக்கியது. விண்மீன் வடிவான அதன் பரப்பு ஏறத்தாழ 60 ஏக்கர். சுற்றிவரும் சாலை சுமார் 5 கிலோமீட்டர். நடந்து சுற்ற ஒன்றரை மணி நேரம் போதும், செலவும் இல்லை. ஊரார் குடிப்பதற்கு மனோரத்தினம் சோலை அணை தனியே இருக்கிறது. மேலும் உள்ளே இருக்கும் பேரிஜம் ஏரி பெரியகுளத்துக்குக் குடிநீர் தருவது. வனத்துறை அனுமதி பெற்றே அங்குச் செல்ல முடியும். மழைக்காலத்தில் அதை நம்பி ஒருநாள் திட்டம் வகுத்தல் கூடாது.

வண்டியும் வகையும்

உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானல் செல்லும் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. அரசுப் பேருந்துக்கு அது தேவையில்லை. 12 மீட்டருக்கு மேல் நீளமான பேருந்துகளுக்கு மலைப்பாதையில் தடை விதிக்கப்பட்டது. வண்டி பேசுமுன் இவ்விரண்டையும் விசாரித்தல் வேண்டும். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கும் அங்கே தடை உண்டு. ஆளுக்கொரு எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுசெல்லலாம். தீபாவளியை ஒட்டிய வாரத்தையும் சனி, ஞாயிறுகளையும் தவிர்த்தால் நெரிசல் குறையும்.

உணவுக்குப் புளிச்சோறும் தயிர்ச்சோறும் வீட்டிலிருந்தே வந்தன. செலவைப் பொறுத்தவரை, வகுப்பில் மிகக் குறைவாகத் தர இயன்றவர் எவ்வளவு தருவாரோ, அதையே அனைவர்க்கும் கட்டணமாக வைத்து, மிச்சத்தை இயன்றவர்கள் பெயர் சொல்லாமல் உண்டியலில் இட்டோம். பணமில்லை என்பதற்காக ஒருவரும் நின்றுவிடவில்லை.

இறுதியாக ஒரு கண்டிப்பான விதி: யாரும் நீரில் இறங்கக் கூடாது, நீச்சல் தெரிந்தவர்க்கும் இது பொருந்தும். புதுவெள்ளம் கலங்கிய செந்நிறத்தில் வரும்; அடியில் உள்ள பள்ளமும் சேறும் கண்ணுக்குத் தெரியா. சுற்றுலா சென்ற மாணவர் அணையில் மூழ்கிய செய்தியை நாளேட்டில் படிக்காத ஆண்டு உண்டா?

நடந்தது

நாங்கள் சென்ற நாளில் எச்சரிக்கை எதுவும் இல்லை. ஆனால் முந்தைய இரு இரவுகளும் மலையில் மழை கொட்டியிருந்தது. வத்தலக்குண்டில் தேநீர் அருந்தும்போது எங்கள் ஆசிரியர் தாளை எடுத்து இரண்டாம் விதியைப் படித்தார், பேருந்து திரும்பியது. சிலர் முகம் வாடியது உண்மை. பட்டிவீரன்பட்டி வழியாக அய்யம்பாளையம் சென்று, தென்னந்தோப்புகளைக் கடந்து மருதாநதி அணையின் கரையில் நின்றோம். மலை முழுவதும் மேகத்துக்குள் மறைந்திருந்தது. அந்த மேகத்துக்குள்ளிருந்து நீர் மட்டும் வந்துகொண்டே இருந்தது. ஆத்தூர்த் தோழர், இந்த நீர் எந்த ஊர்களுக்குப் போகிறது என்று எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார்.

மாணவ நண்பர்களே! கொடைக்கானல் ஏரி அடுத்த மாதமும் அங்கேயே இருக்கும். மழைக்காலத்தில் ஊர் சுற்றப் புறப்படுவோர் நீரின் வழியைக் கேட்டறிந்து, அது விடும் வழியில் சென்று, அது மறிக்கும் இடத்தில் திரும்பப் பழகிக்கொள்ள வேண்டும். நாற்பது பேரும் இரவுச் சோற்றுக்கு அவரவர் வீட்டில் இருக்கச் செய்யும் திட்டமே நல்ல திட்டம்.