ஜெர்மனி தொழிற்பயிற்சி விசா

ஜெர்மனியில் ‘அவுஸ்பில்டுங்’ எனப்படும் தொழிற்பயிற்சியில் சேரும் வெளிநாட்டவருக்கு அந்நாடு வழங்கும் நீண்டகால அனுமதி தொழிற்பயிற்சி விசா ஆகும். பேச்சுவழக்கில் இதையும் மாணவர் விசா என்றே சொல்கிறார்கள். சட்டத்தில் இரண்டும் வேறு. பல்கலைக்கழக மாணவருக்கான அனுமதி அந்நாட்டு வசிப்புச் சட்டத்தின் 16பி பிரிவிலும், தொழிற்பயிற்சிக்கானது 16ஏ பிரிவிலும் வருகின்றன. முன்னதற்கு அடிப்படை கல்வி நிறுவனம் தரும் சேர்க்கைக் கடிதம். பின்னதற்கு அடிப்படை பெரும்பாலும் ஒரு நிறுவனத்துடன் செய்துகொள்ளும் பயிற்சி ஒப்பந்தம். அந்த ஒப்பந்தம் கையில் இல்லாமல் மற்ற தாள்களைச் சேர்த்துப் பயனில்லை.

நம் ஊர் ஐ.டி.ஐ. படிப்பையும் அப்ரெண்டிஸ் பயிற்சியையும் ஒன்றாக்கியது போன்ற ஏற்பாடு இது. வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாட்களில் நிறுவனத்தில் வேலை. தொழிலைப் பொறுத்து 2 முதல் 3.5 ஆண்டுகள் வரை நீடிக்கும். செவிலியர் பயிற்சிக்குத் தனிச் சட்டம் உண்டு; 3 ஆண்டுகளில் 2,100 மணி நேரம் வகுப்பும் 2,500 மணி நேரம் நடைமுறைப் பயிற்சியும் முடிக்க வேண்டும்.

ஒப்பந்தமும் பணமும்

பயிற்சி பெறுபவருக்கு நிறுவனம் மாதந்தோறும் ஊதியம் தருகிறது. 2025இல் தொடங்கிய பயிற்சிகளுக்கு முதல் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியம் பொதுவாக மாதம் 682 யூரோ. இரண்டாம் ஆண்டில் இது 18 சதவீதமும் மூன்றாம் ஆண்டில் 35 சதவீதமும் கூடும். மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றுக்காக இதில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு பிடிக்கப்படும். மிச்சம் வாழ்க்கைச் செலவுக்குப் போதாது என்று விசா அதிகாரி கருதினால், குறையும் தொகையை முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் வைத்துக் காட்ட வேண்டும். நிறுவனமே தங்குமிடம் தந்தால் இந்தத் தொகை குறையும். ஆகவே அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது நல்லது.

பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். நிறுவனம் வழியாக நடக்கும் பயிற்சிக்குப் பயிற்சி பெறுபவர் பணம் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதினால், ஜெர்மனியின் தொழிற்பயிற்சிச் சட்டப்படி அந்த வாசகம் செல்லாது. மொழி வகுப்பு, மொழிபெயர்ப்பு ஆகியவற்றின் செலவு வேறு. ‘சீட்’ வாங்கித் தருவதாகச் சொல்லி லட்சக்கணக்கில் கேட்பவரிடம், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நிறுவனத்தின் பெயரை முதலில் கேட்க வேண்டும். பிறகு அந்த நிறுவனத்துக்கே நேரடியாக எழுதி உறுதி செய்யலாம். கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமையின் இணையதளத்தில் பயிற்சி இடங்களை எவரும் இலவசமாகத் தேடலாம். கையெழுத்தான ஒப்பந்தத்தை வணிக, கைத்தொழில் சபைகளின் பதிவேட்டில் நிறுவனம் பதிய வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டியது.

மொழி

பொதுவாக பி1 நிலை ஜெர்மன் தேவை. செவிலியர் பயிற்சிக்குப் பல இடங்களில் பி2 கேட்கிறார்கள். சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் என்ற பெயரில் இயங்கும் கோத்தே நிறுவனத்தில் தேர்வு எழுதலாம். சான்றிதழ் பெற்றுவிட்டுப் பேச வராமல் போனால் நேர்காணலிலேயே தெரிந்துவிடும். அங்கு தப்பினாலும் தொழிற்பள்ளியில் தப்ப முடியாது. பாடமும் இறுதித் தேர்வும் ஜெர்மன் மொழியில்தான்.

விண்ணப்பம்

விசா கட்டணம் 75 யூரோ. அதை ரூபாயில் கட்டலாம். கடவுச்சீட்டு, ஒப்பந்தம், கல்விச் சான்றுகள், மொழிச் சான்றிதழ், தன்விவரம், பணத்துக்கான ஆதாரம் ஆகியவற்றுடன் நோக்கக் கடிதமும் வைக்க வேண்டும். கடிதத்தைச் சிலர் ஒப்புக்கு எழுதுகிறார்கள். பொறியியல் முடித்த ஒருவர் சமையற்கலைப் பயிற்சிக்கு விண்ணப்பித்தால், ஏன் என்ற கேள்வி அதிகாரிக்கு எழுவது இயல்பு. அதற்குப் பதில் அவருடைய சொந்தச் சொற்களில் இருக்க வேண்டும். கடையில் வாங்கிய மாதிரிக் கடிதத்தில் அது இருக்காது. நிறுவனம் வழியிலான பயிற்சிக்கு வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதலும் தேவை என்பதால் முடிவு வரச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். பயிற்சிகள் பெரும்பாலும் ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் தொடங்குகின்றன. ஜூலையில் விண்ணப்பித்துவிட்டுப் பதறுவதில் பயனில்லை.

மறுக்கப்பட்டால், முன்பு தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் வழி இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அது இல்லை. குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம்.

சென்ற பின்

வீடு கிடைத்த இரண்டு வாரங்களுக்குள் முகவரியைப் பதிய வேண்டும். பிறகு வெளிநாட்டவர் அலுவலகத்தில் வசிப்பு அனுமதி பெற வேண்டும். பயிற்சிக்கு அப்பால் வாரம் 20 மணி நேரம் வரை வேறு வேலை செய்யலாம். முதல் ஒன்று முதல் நான்கு மாதங்கள் சோதனைக் காலம். அதற்குள் இரு தரப்பில் எவரும் முன்னறிவிப்பின்றி ஒப்பந்தத்தை முறிக்கலாம். விசாவோ அந்த ஒப்பந்தத்தை நம்பி நிற்பது. பயிற்சி பெறுபவரின் தவறு இல்லாமல் பயிற்சி நின்றுபோனால், வேறு இடம் தேட ஆறு மாதம் வரை அவகாசம் தரப்படுகிறது.