ஐம்பது வயது ஜீப்பும் ‘அசல்’ என்னும் அளவுகோலும்

ஐம்பது ஆண்டுகளைக் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்களாகத் தனியே பதிவுசெய்துகொள்ள, 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வழிசெய்யப்பட்டது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். பதிவெண்ணில் ‘விஏ’ என்னும் எழுத்துகள் இடம்பெறும். கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்காக மட்டுமே சாலைக்கு வரலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை. வரவேற்க வேண்டிய விதிதான். ஆனால் அதனுள் ஒரு நிபந்தனை இருக்கிறது: வாகனம் அசல் வடிவில் இருக்க வேண்டும், அடிச்சட்டம், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் நிகழ்ந்திருக்கக் கூடாது.

பணி ஓய்வுக்குப் பின், திருமுல்லைவாயலில் என் வீட்டு முற்றத்தில் 1972-ஆம் ஆண்டு மகிந்திரா ஜீப் ஒன்றைச் சீரமைத்து வருகிறேன். துருப்பிடித்த தரைத் தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்தாயிற்று. சிலிண்டர்களுக்கு ஸ்லீவ் போட்டாயிற்று. இந்த வண்டி அசலா, இல்லையா? இக்கேள்விக்கு விடை தேடும்போதுதான், ஜீப்பின் பெருமை எதில் இருக்கிறது என்பதையே அந்த நிபந்தனை கவனிக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1940-களின் இறுதியில், அமெரிக்க வில்லிஸ் நிறுவனத்தின் ஜீப்புகளை மும்பையில் பூட்டி விற்கத் தொடங்கியது மகிந்திரா. பூட்டுவது வேறு, செய்வது வேறு. உள்நாட்டிலேயே பாகங்களைப் படிப்படியாகத் தயாரிக்கும் திட்டம் இல்லாத நிறுவனங்களுக்கு இங்கு இடமில்லை என்று 1953-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டது. அத்தீர்மானத்தைப் பற்றி வகுப்பில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். தொழில் பாதுகாப்புக் கொள்கையின் குறைகள் பல. தரம் தாழ்ந்தது, ஒரு ஸ்கூட்டருக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோம். ஆயினும் அதன் ஒரு விளைவு எங்கள் பகுதியில் கண்கூடாகத் தெரிந்தது. பாடியில் 1961-இல் லூகாஸ் டிவிஎஸ் வந்தது. அடுத்தடுத்து பிரேக், சக்கரம், திருகாணி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆலை முளைத்தது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் விஜயந்தா பீரங்கி வண்டி வெளிவந்தது. அதே பத்தாண்டில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் உருவாகி, இந்த ஆலைகளுக்குப் பாகங்கள் கடைந்து தரும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் பெருகின. என் ஜீப்பின் ஸ்டார்ட்டர் மோட்டாரில் பாடி ஆலையின் பெயர் பொறித்திருக்கிறது. ஐம்பது ஆண்டுகளில் அது ஊர் சுற்றிவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது.

என்னிடம் உள்ள வண்டி சிஜே-3பி என்னும் வகை. அமெரிக்காவில் 1968-இல் நின்றுபோன இதன் உற்பத்தி இந்தியாவில் அதன் பிறகும் நெடுநாள் தொடர்ந்தது. முன்மூடி மற்ற ஜீப்புகளைவிட உயரமாக இருப்பதைக் கொண்டு இதை எளிதில் அடையாளம் காணலாம். அந்த உயரத்துக்குக் காரணம் அழகுணர்ச்சி அன்று. உள்ளே இருக்கும் 2.2 லிட்டர் பெட்ரோல் என்ஜினில் காற்றும் எரிபொருளும் நுழையும் வால்வுகள் மேலே தலைப்பகுதியிலும், புகை வெளியேறும் வால்வுகள் கீழே அடிப்பகுதியிலும் உள்ளன. என்ஜின் உயர்ந்தது, மூடியும் உயர்ந்தது. எல்லாமே கண்ணுக்குத் தெரியும்படியும் கைக்கு எட்டும்படியும் அமைந்த இயந்திரம் இது.

கைக்கு எட்டுவதனாலேயே பழுதைக் கண்டறிவது எளிதென்று எண்ணிவிடக் கூடாது. சென்ற கோடையில் என்னை ஒரு மாத காலம் அலைக்கழித்த பழுது ஒன்றைச் சொல்கிறேன். காலையில் ஒரே சுற்றில் கிளம்பும் வண்டி, நண்பகலில் நாற்பது நிமிடம் ஓடியதும் பருத்திப்பட்டு அருகே இருமி நின்றுவிடும். சுற்றி நின்றவர்கள், அனுபவமுள்ள மெக்கானிக் உள்பட, ஒரே குரலில் சொன்னது: “பெட்ரோல் ஆவியாயிடுச்சு சார், பம்ப் மேல ஈரத்துணி போடுங்க.” போட்டோம். இருபது நிமிடத்தில் வண்டி கிளம்பியது. நோயும் தெரிந்தது, மருந்தும் பலித்தது என்றே அனைவரும் கருதினர்.

அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. இந்த என்ஜினில் பெட்ரோல் பம்ப் என்ஜினோடு ஒட்டியே இருக்கிறது. வெப்பத்தில் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகிக் குமிழியானால், திரவத்தைத் தள்ளவேண்டிய பம்ப் வெறும் ஆவியை அமுக்கிக்கொண்டிருக்கும். ஆனால் ஈரத்துணி போட்ட அந்த இருபது நிமிடத்தில் பம்ப் மட்டுமா குளிர்ந்தது? என்ஜின் முழுவதுமே குளிர்ந்தது. இரண்டு காரணிகள் ஒரே சமயத்தில் மாறினால், விளைவு எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. ‘மற்றவை மாறாதிருக்க’ என்று பொருளியல் வகுப்பில் கரும்பலகையில் எழுதாத நாளில்லை. அத்தொடரை அப்படியே நிறைவேற்ற வாய்த்த ஆய்வுக்கூடம் பருத்திப்பட்டுச் சாலையோரம்தான்.

அடுத்த முறை நின்றதும், காத்திருக்காமல் ஸ்பார்க் பிளக் கம்பியைக் கழற்றி என்ஜின் உடலுக்கு அருகே பிடித்துச் சுழற்றிப் பார்த்தோம். தடித்த நீலப்பொறி வர வேண்டிய இடத்தில் மெலிந்த மஞ்சள் பொறி வந்தது. பிறகு மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் குழாயைத் தளர்த்திக் கைப்பிடியால் என்ஜினைச் சுற்றினோம். பெட்ரோல் விட்டுவிட்டுப் பீய்ச்சியது. (இவ்விரண்டு சோதனைகளையும் ஒரே நேரத்தில் செய்யக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.) ஆக, எரிபொருள் வருகிறது, பொறிதான் பலவீனம். டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட்டுகளுக்கு இணையாக, சுண்டுவிரல் கணு அளவில் கன்டென்சர் என்றொரு சிறு உருளை இருக்கும். பாயின்ட் திறக்கும் கணத்தில் மின்சாரம் அங்கேயே பொறியாகி வீணாகாமல் தடுப்பது அதன் வேலை. உள்ளே காப்பு தளர்ந்த கன்டென்சர், குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக வேலை செய்யும், சூடேறினால் கைவிட்டுவிடும். கொதிக்கும் என்ஜினில் புதிய கன்டென்சரை மாட்டினோம். ஈரத்துணியும் இல்லை, காத்திருப்பும் இல்லை; உடனே கிளம்பியது. மறுநாள் பழையதையே திரும்ப மாட்டி ஓட்டினேன், அதே தொலைவில் நின்றது. அதன் பிறகே நம்பினேன். பழுதுபார்ப்பில் பலரும் தவிர்த்துவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். ஒரே நாளில் பம்ப், பாயின்ட், பிளக், கன்டென்சர் நான்கையும் மாற்றினால் வண்டி ஓடும். ஏன் ஓடுகிறது என்பது மட்டும் தெரியாது.

நான்கு சக்கர இயக்கத்துக்கென்றே உரிய பழுதுகள் வேறு வகை. ஜீப்பில் முன், பின் அச்சுகளுக்கு இடையே வேக வேறுபாட்டை ஈடுகட்டும் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சற்றுக் கூடுதல் தொலைவு உருள வேண்டும். மணலிலும் சேற்றிலும் டயர் வழுக்கி அந்த வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். தார்ச்சாலையில் வழுக்காது, முறுக்கம் முழுவதும் தண்டுகளுக்குள் சேர்ந்து, கியரை விடுவிக்கும் நெம்புகோல் அசையவே அசையாது. ‘கியர் பாக்ஸ் போயிடுச்சு’ என்று வண்டியைப் பிரித்துப் போட்டவர்களை நான் அறிவேன். நேர்கோட்டில் சில அடி பின்னோக்கி ஓட்டினால் பெரும்பாலும் முறுக்கம் அவிழ்ந்துவிடும்.

இன்னொன்று தண்ணீர். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எங்கள் பகுதித் தெருக்கள் ஓடைகளாயின. உயரமான வண்டி என்பதால் ஜீப் தண்ணீரைக் கடந்துவிடும். விசிறிப் பட்டையைக் கழற்றிவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர்மீது நீர் வாரி இறைக்கப்படாது என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் பழுது வருவது பிறகு. ஓடிச் சூடேறிய அச்சுக்கூடு குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த ஆயில் சீல் வழியே நீரை உறிஞ்சிக்கொள்கிறது. வாரங்கள் கழித்து அடைப்பானைத் திறந்தால் பாலூற்றிய தேநீர் நிறத்தில் எண்ணெய் வழியும். அதைக் கவனியாமல் ஓட்டினால் பேரிங்குகள் அரிபட்டுப் போகும்.

அதே வெள்ளம் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளும் புகுந்தது. எனக்கு வெண்கல புஷ் ஒன்றைக் கடைந்து தந்தவரின் பட்டறையும் அதில் மூழ்கியது. தேய்ந்த பழைய புஷ்ஷை அவரிடம் நீட்டினேன். வரைபடம் கேட்கவில்லை. தேய்ந்த பக்கத்தையும் தேயாத பக்கத்தையும் விரலால் தடவி, தண்டைக் கருவியால் அளந்து, அரை மணி நேரத்தில் கடைந்து கொடுத்துவிட்டு 400 ரூபாய் வாங்கிக்கொண்டார். நாட்டின் உற்பத்திக் கணக்கில் இது பதிவானால் 400 ரூபாய். பதிவாகாமலேயே போகவும் வாய்ப்புண்டு. இதற்கு மாறாக வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதியது வாங்கியிருந்தால், கணக்கில் பல லட்சம் ரூபாய் வளர்ச்சியாகத் தெரிந்திருக்கும். அவர் மகன் கணினிவழி இயங்கும் இயந்திரத்தில் ஒரே பாகத்தை ஆயிரக்கணக்கில் செய்கிறார். நல்ல வருமானம், குறைசொல்ல ஏதுமில்லை. ஆனால் ஒற்றைப் பாகம் கேட்டு வருபவரை அவரால் கவனிக்க இயலாது.

இனி அந்த ‘அசல்’ நிபந்தனைக்கு வருகிறேன். 1973 அக்டோபரில் தொடங்கிய எண்ணெய் நெருக்கடியில், சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெய் விலை உலகச் சந்தையில் ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. பெட்ரோல் ஜீப் வைத்திருந்தவர்கள் என்ன செய்வார்கள்? பின்னர் வந்த ஆண்டுகளில், கிடைத்த டீசல் என்ஜினைத் தேடிப் பொருத்தினார்கள். டிராக்டரில் ஓடிய என்ஜின், வேனில் ஓடிய என்ஜின் எல்லாம் ஜீப்புக்குள் புகுந்தன. பொருத்துவதற்கான தாங்கிகளை வெட்டி ஒட்டியவர்கள் இத்தகைய பட்டறைக்காரர்களே. விலை மாறும்போது மக்கள் எப்படி மாற்றுவழி தேடுகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடநூல் எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. அந்தக் காலத்துப் பெட்ரோல் ஜீப்புகளில் பல இப்படி டீசலுக்கு மாறியவை. விதியின் கண்ணில் அவை அசல் அல்ல. நாற்பதாண்டுகள் தோட்டத்திலும் மலைப்பாதையிலும் உழைத்த வண்டிக்கு ‘பழம்பெரும்’ தகுதி இல்லை. யாரோ வாங்கிக் கொட்டகையில் பூட்டிவைத்த வண்டிக்கு உண்டு.

எதிர்த்தரப்பு வாதம் வலுவானது. என் ஜீப்பில் நான்கு சக்கர பிரேக்குகளுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. ஒரு சக்கரத்தில் கசிந்தால் மிதி தரைக்குப் போய்விடும், நான்கும் போய்விடும். புகையைத் தூய்மைப்படுத்தும் கருவி எதுவும் கிடையாது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலான பிறகு, பழைய ரப்பர்க் குழாய்களும் பம்பின் டயாப்ரமும் கெட்டுக் கசியும் அபாயமும் சேர்ந்திருக்கிறது. பொருளியலறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1958-இல் ஒரு கருத்தைச் சொன்னார்: பராமரிக்காவிட்டால் உடனே பேரழிவு நேரும் விமானம் போன்றவை, வளரும் நாடுகளில் ஒழுங்காகப் பராமரிக்கப்படுகின்றன, அலட்சியத்தைப் பொறுத்துக்கொள்ளும் சாலை போன்றவை கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன. ஜீப் இரண்டாம் வகை. எத்தனை தேய்ந்தாலும் எப்படியோ ஓடும். அதனாலேயே அதை உரிமையாளரின் மனசாட்சிக்கு விட்டுவிட முடியாது.

ஆனால் சோதிக்க வேண்டியது வண்டியின் நிலையை. வயதையோ பிறப்புச் சான்றையோ அல்ல. 15 ஆண்டுகளைக் கடந்த கார் ஒன்றின் பதிவைப் புதுப்பிக்க, 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. ஆண்டுக்கு 1,000 கிலோமீட்டர் ஓடுவதற்கும் 20,000 கிலோமீட்டர் ஓடுவதற்கும் அதே கட்டணம்தான். புகைக்கு வரி விதிப்பதானால் ஓடிய தொலைவுக்கு விதிப்பதே முறை. ஆண்டுதோறும் ஓடோமீட்டரைப் பதிவுசெய்தால் போதும்.

பழம்பெரும் வாகனப் பதிவிலும், என்ஜின் மாற்றம் பதிவுப் புத்தகத்தில் முறையாகக் குறிக்கப்பட்டு, இருபது ஆண்டுகளேனும் அந்த வடிவிலேயே ஓடியிருந்தால் அதையும் வண்டியின் வரலாறாக ஏற்றுக்கொள்ளலாம். துருப்பிடித்த தகட்டை அதே வடிவில் மாற்றுவது பழுதுபார்ப்பு என்றும், வடிவத்தையே மாற்றுவது மாற்றம் என்றும் விதியில் ஒரு வரி சேர்த்தால், போக்குவரத்து அலுவலர் தன் ஊகத்தில் முடிவெடுக்க நேராது. இந்தச் சலுகைகளுக்கு ஈடாக ஆண்டுச் சோதனையைக் கட்டாயமாக்கட்டும்: பிரேக் எண்ணெய்க் கசிவு, ஸ்டியரிங் மூட்டுகளின் ஆட்டம், முன்னச்சின் கிங் பின் தேய்மானம், எரிபொருள் குழாய்களின் நிலை, புகையளவு. தெரிந்த ஒருவருக்கு இவற்றைப் பார்க்க அரை மணி நேரம் ஆகும். அப்படித் தெரிந்தவர்கள் அம்பத்தூரிலும் ஆவடியிலும் இன்னும் இருக்கிறார்கள். தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கு ஆள் எடுக்கும்போது, ஐம்பதைக் கடந்த இவர்களுக்குப் பட்டயச் சான்றிதழ் கேட்காமல் ஒரு செய்முறைத் தேர்வு வைத்துப் பார்க்கலாம்.