அக்ரிமெண்ட்டில் "எங்கே" என்ற வரியைப் படித்தீர்களா?

பிரிக்ஃபீல்ட்ஸில் டியூஷன் சென்டர் ஒன்றில் வேலை பார்த்த தங்கை ஒருவர், அதை விட்டுவிட்டு ஷா ஆலத்தில் தன் வீட்டு ஹாலிலேயே பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். மூன்றாவது வாரமே வக்கீல் கடிதம் வந்துவிட்டது: "இரண்டு ஆண்டுகளுக்கு லெம்பா கிளாங் எங்கும் வகுப்பு நடத்தமாட்டேன் என்று கையெழுத்திட்டிருக்கிறீர்கள்." பயந்துபோய் வகுப்பை மூடினார். என்னிடம் வந்தது நான்கு மாதம் கழித்து. மூலையில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்த நான்கு தாள் ஒப்பந்தம். அந்தத் தடையைச் சொல்லும் பதினோராவது விதியை அவர் அன்றுதான் முதன்முதலாக வாசிக்கிறார்.

இப்படி வருகிறவர்கள் குறைந்தபாடில்லை. சமையல்காரர், முடிதிருத்துபவர், கல்யாண மேடை அலங்காரம் செய்பவர் என்று ஆட்கள்தான் மாறுகிறார்கள். சம்பள வரியை மூன்று முறை படிக்கிறார்கள். இடத்தைச் சொல்லும் வரியில் கண்ணே படுவதில்லை.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆவது பிரிவின்படி, ஒருவர் சட்டப்படியான தொழிலைச் செய்யக்கூடாது என்று தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. கோத்தா பாருவில் ஐந்து மைல் சுற்றளவுக்குள் இரண்டு ஆண்டுகள் தொழில் செய்யக்கூடாது என்று ஒரு வக்கீலுக்கே போட்ட தடையை 1964இல் நீதிமன்றம் செல்லாது என்றது. ஐந்து மைலே நிற்கவில்லை, லெம்பா கிளாங் முழுவதும் எப்படி நிற்கும்?

அதற்காகத் துள்ளிக் குதிக்கவேண்டாம். வேலையில் இருக்கும்போதே போட்டிக் கடை நடத்தினால் இந்தப் பிரிவு உங்களைக் காப்பாற்றாது. கடையை அதன் நற்பெயரோடு விற்றவருக்கும், கூட்டுத் தொழிலைப் பிரித்துக்கொண்டவருக்கும் விதிவிலக்கு உண்டு. பழைய முதலாளியின் வாடிக்கையாளர் பட்டியலைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு போனாலோ, அது வேறு வழக்கு. பட்டியலை எடுக்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், எடுக்காதீர்கள்.

எல்லா எல்லைக்கோடும் செல்லாதது என்று நினைத்துவிடக் கூடாது. விநியோக உரிமை, பிரான்சைஸ் போன்றவற்றில் எல்லைதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் பொருள். அங்கே "லெம்பா கிளாங்" என்று எழுதியிருந்தால் பேனாவைக் கீழே வையுங்கள். அந்தப் பெயரில் மாவட்டமும் இல்லை, நகராண்மையும் இல்லை, நில அலுவலகமும் இல்லை. "கிள்ளான்" என்று மட்டும் இருந்தால் கேளுங்கள்: கிள்ளான் மாவட்டமா, 2024 பிப்ரவரி 5இல் அரச மாநகரான கிள்ளானா? கோத்தா கெமுனிங்கைப் பாருங்கள். மாவட்டம் கிள்ளான், நிர்வகிப்பது ஷா ஆலம் மாநகர் மன்றம். அங்கே மசாலா பாக்கெட் விற்கும் உரிமை யாருக்கு என்று இரண்டு விநியோகிப்பாளர்கள் அடித்துக்கொள்ள இது போதாதா? மாவட்டம், முக்கிம், ஊராட்சி மன்றம் ஆகியவற்றைப் பெயர் சொல்லி எழுதவேண்டும். வரைபடம் ஒன்றை இணைத்து, அதிலும் இருதரப்பும் கையெழுத்துப் போடவேண்டும்.

அடுத்தது நீதிமன்ற வரி. "கோலாலம்பூர் கோர்ட் என்று போட்டிருக்கிறது, நான் ஷா ஆலத்துக்காரன், என்ன செய்வது அண்ணே?" என்று கேட்கிறார்கள். இரண்டு ஊரின் உயர்நீதிமன்றமும் ஒரே மலாயா உயர்நீதிமன்றத்தின் கிளைகள்தான். பார்க்கவேண்டியது கோத்தா கினபாலு, கூச்சிங், சிங்கப்பூர் என்று இருக்கிறதா என்பதை. சபா, சரவாக்கிற்குத் தனி உயர்நீதிமன்றம். வெளிநாட்டு நீதிமன்றம் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், பிறகு இங்கே வழக்கு நடத்த வலுவான காரணம் காட்டவேண்டியிருக்கும்.

சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளோ சேவையோ என்றால் அந்த வரியைக் கண்டு சோர்ந்துவிடாதீர்கள். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தை ஒப்பந்தத்தில் எழுதி விலக்கிவிட முடியாது. அது 6ஆவது பிரிவு. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 1ஆம் எண் பாரம், கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் போடவேண்டும். வக்கீல் தேவையில்லை. கடைக்காரர் ஒருவருக்குக் கைக்கடன் கொடுத்து ஏமாந்தது போன்ற சின்னத் தொகை என்றால், 5,000 ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை, 198ஆம் எண் பாரம். தனிநபர் மட்டுமே தொடுக்கலாம். விவகாரம் எங்கே நடந்ததோ, எதிராளி எங்கே இருக்கிறாரோ அந்த ஊர் நீதிமன்றத்துக்குப் போங்கள். முதலாளி கடைசிச் சம்பளத்தைப் பிடித்துவைத்தால் தொழிலாளர் இலாகா. ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, சேமநிதி அறிக்கை மூன்றும் கையில் இருக்கட்டும்.

கவுண்டரில் "இங்கே இல்லை, அங்கே போங்க" என்பார்கள். அங்கே போனால் இங்கே அனுப்புவார்கள். எனக்கே ஓர் அலுவலகத்தில் ஒரே நாளில் மூன்று மாடி ஏறி இறங்க நேர்ந்தது. எந்த விதிப்படி மறுக்கிறார்கள் என்று எழுதித்தரச் சொல்லுங்கள். பேச்சு மாறும்.

கடைசியாக, யாரும் காதில் போட்டுக்கொள்ளாத விஷயம். முத்திரை வரி கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. சாதாரண ஒப்பந்தத்துக்கு 10 ரிங்கிட்தான், உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இணையத்தளத்திலேயே கட்டலாம். கையெழுத்திட்ட நாளிலிருந்து 30 நாள். அதைத் தாண்டினால் அபராதம். அந்தத் தங்கையின் நான்கு தாளிலும் முத்திரை இல்லை. மிரட்டல் கடிதம் அனுப்பியவரும் கட்டவில்லை. வகுப்பு மறுபடி நடக்கிறது. உங்கள் தாளை இன்றே எடுத்துத் தேதியைப் பாருங்கள்.