வெரிகோஸ் வெயின்: லேசரா, ஊசியா, அறுவை சிகிச்சையா?

துணிக்கடை ஊழியர், பரோட்டா மாஸ்டர், போக்குவரத்துக் காவலர் என்று நின்றே பிழைப்பவர்களின் காலில் இது அதிகம் தெரியும். பரம்பரை, பிள்ளைப்பேறு, உடல் எடை ஆகியவையும் காரணங்கள்தான். சாயங்காலமானால் கால் கனக்கும், ராத்திரியில் கெண்டைக்கால் இழுக்கும், போகப்போகச் சிரைகள் நீலமாகப் புடைத்துச் சுருளும். காலிலிருந்து ரத்தம் மேலே ஏறுவதற்குச் சிரைகளுக்குள் வால்வுகள் இருக்கின்றன. அவை சரியாக மூடாவிட்டால் ஏறிய ரத்தம் திரும்ப இறங்கித் தேங்கிவிடும்.

எந்தச் சிகிச்சை என்று கேட்கும் முன்னால் டாப்ளர் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அதையும் நிற்கவைத்து எடுப்பதே நல்லது. கெண்டைக்காலை அமுக்கிவிட்டால் ரத்தம் மேலே போவது திரையில் தெரியும். கையை எடுத்த பிறகு அரை விநாடிக்கு மேல் அது கீழ்நோக்கி ஓடினால் அந்த இடத்தில் வால்வு பழுது. ஆழத்திலுள்ள சிரைகளில் அடைப்பு உண்டா என்பதும் இதில் தெரிந்துவிடும். அங்கே அடைப்பு இருந்தால், மேலே புடைத்திருக்கும் சிரையே ரத்தம் போக மாற்று வழியாக இருக்கலாம். அதை அவசரப்பட்டு மூடக் கூடாது. மற்றபடி, "நரம்பை அடைத்துவிட்டால் ரத்தம் எப்படிப் போகும்?" என்ற பயம் வேண்டாம். காலின் பெரும்பகுதி ரத்தம் ஆழச் சிரைகள் வழியாகத்தான் போகிறது.

இறுக்கமான காலுறை வீக்கத்தையும் வலியையும் குறைக்கும், ஆனால் பழுதான வால்வைச் சரிசெய்யாது. காலையில் எழுந்து நடமாடும் முன்பே போட வேண்டும். சர்க்கரை நோயாளிகளும் புகைபிடிப்பவர்களும் காலின் தமனி ஓட்டத்தைப் பரிசோதிக்காமல் அதை மாட்டக் கூடாது. மாத்திரைகளும் கனத்தைத்தான் குறைக்கும். கர்ப்பிணிகளுக்குப் பிரசவம் முடியும்வரை காலுறையே போதும்.

தொடையின் பெரிய சிரையில் பழுது இருந்தால் என் முதல் தேர்வு லேசர் அல்லது ரேடியோ அலைச் சிகிச்சை. முழங்கால் பக்கம் ஊசித்துளை போட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே மெல்லிய இழையைத் தொடை இடுக்குவரை ஏற்றுவார்கள். சிரையைச் சுற்றி மரப்பு மருந்து கலந்த உப்புநீரைச் செலுத்துவார்கள். வலி தெரியாமலிருக்கவும், பக்கத்துத் தசையும் தோலும் சுடாமலிருக்கவும் அதுதான் காப்பு. பிறகு இழையை மெல்ல வெளியே இழுக்க, உள்சுவர் வெந்து சிரை மூடிக்கொள்ளும். பெரும்பாலானவர்கள் அன்றே நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். சில நாள் கன்றிப்போன வலி இருக்கும். சிலருக்குத் தோல் கொஞ்ச காலம் மரத்திருக்கும்.

நுரை ஊசி இன்னும் எளிது. மருந்தையும் காற்றையும் இரண்டு சிரிஞ்சுகளுக்கு இடையே மாற்றி மாற்றித் தள்ளி நுரையாக்கிச் செலுத்துவார்கள். சின்னக் கிளைகளுக்கும், மறுபடி வந்தவற்றுக்கும் நன்றாகப் பயன்படும். பெரிய சிரையில் மட்டும் அது திரும்பத் திறந்துகொள்ளும் வாய்ப்பு கூடுதல், தோலில் பழுப்புக் கறையும் விழலாம். பசையால் ஒட்டும் முறையில் சுற்றிலும் ஊசிகள் தேவையில்லை. ஆனால் விலை அதிகம், சிலருக்கு ஒவ்வாமையும் வரும்.

பழைய அறுவை சிகிச்சையை மட்டமாக நினைக்க வேண்டாம். பிரிட்டனில் சுமார் 800 பேரை ஐந்து ஆண்டு தொடர்ந்து பார்த்து 2019-இல் வெளியான ஆய்வில், நோய் சார்ந்த வாழ்க்கைத் தரம் நுரை ஊசி போட்டவர்களைவிட லேசர், அறுவை சிகிச்சை பெற்றவர்களுக்கே மேலாக இருந்தது. அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைதான் கிடைக்கிறது என்றால் தயங்காமல் செய்துகொள்ளலாம். வெட்டுக்காயம் ஆறவும் வேலைக்குத் திரும்பவும் கூடுதல் நாள் பிடிக்கும், அவ்வளவுதான். எந்த முறையிலும் சில ஆண்டுகளில் வேறு சிரை புடைக்கக்கூடும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

கணுக்கால் உள்பக்கம் தோல் கறுத்துப் புண் வந்துவிட்டால் காத்திருக்கவே கூடாது. புண் ஆறட்டும், அப்புறம் சிரையைப் பார்க்கலாம் என்று வருடக்கணக்கில் கட்டு மட்டும் மாற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. 2018-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், இறுக்கக் கட்டோடு சிரையையும் உடனே மூடியவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளில் புண் ஆறியது. மூடுவதைத் தள்ளிப்போட்டவர்களுக்கு அதற்கு 82 நாள் ஆனது. வீட்டில் யாராவது இப்படி ஆறாத புண்ணோடு இருந்தால், அடுத்த முறை கட்டு மாற்றப் போகும்போது டாப்ளர் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.