ஒரே வீடு, மூன்று மாவட்டம்: கடல் கடந்தவர் கேட்கும் போலீஸ் சான்று

கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில் 1990-ல் பிறந்த ஒருவரின் பிறப்புச் சான்றிதழில் மாவட்டம் தென்னாற்காடு. 1993 செப்டம்பர் 30 அன்று விழுப்புரம் தனி மாவட்டமானதால், அவருடைய பள்ளி மாற்றுச் சான்றிதழில் விழுப்புரம். 2018-ல் எடுத்த பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்திலும் அதுவேதான். 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி மாவட்டம் உதயமானது. இப்போது அவருடைய வீட்டு வரி ரசீதில் கள்ளக்குறிச்சி. வீடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. காகிதத்தில் மட்டும் அது மூன்று மாவட்டங்களைப் பார்த்துவிட்டது.

ஊரில் இருக்கும்வரை இது ஒரு பொருட்டே இல்லை. அவர் சிங்கப்பூரில் சில ஆண்டுகள், துபாயில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை கேட்டு விண்ணப்பிக்கும்போதுதான் இந்த மூன்று பெயர்களும் ஒரே மேசைக்கு வருகின்றன. அங்கே அவரிடம் கேட்கப்படுவது, சொந்த நாட்டில் தன் மேல் குற்றப் பதிவு இல்லை என்பதற்கான சான்று. அதிகாரபூர்வப் பெயர் போலீஸ் கிளியரன்ஸ் சர்டிஃபிகேட், புழக்கத்தில் ‘பிசிசி’.

பெயரில் போலீஸ் இருந்தாலும், இந்தியாவில் இதை வழங்குவது காவல் நிலையம் அல்ல. வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பாஸ்போர்ட் அலுவலகம் வழங்குகிறது; வெளிநாட்டில் இருப்பவருக்கு அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகமோ துணைத் தூதரகமோ வழங்குகிறது. காவல்துறையின் வேலை, கேட்ட கேள்விக்குப் பதில் எழுதி அனுப்புவது. இந்த வேறுபாடு தெரியாததால் வீணாகும் பணமும் நாட்களும் கொஞ்சமல்ல. தமிழ்நாடு காவல்துறை தன் இணையதளத்தில் காவல் சரிபார்ப்புச் சேவை ஒன்றைத் தனியாக நடத்துகிறது. உள்ளூரில் வேலைக்குச் சேர, வாடகைக்கு வீடு எடுக்க அது உதவும். வெளிநாட்டு விசாவுக்குக் கேட்கப்படுவது அது அல்ல. மகனுக்காக அப்பா கட்டணம் கட்டி அந்தச் சான்றை வாங்கி, ஸ்கேன் செய்து அனுப்பி, அது தூதரகத்தில் செல்லாது என்று திரும்பி வந்தால், மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஊரிலிருக்கும் குடும்பத்தார் வேறொருவருக்காக பாஸ்போர்ட் சேவா மையத்துக்குப் போய் பிசிசி வாங்கிவிடவும் முடியாது. விண்ணப்பதாரர் நேரில் வர வேண்டும். ஆகவே விடுப்பில் ஊருக்கு வருகிறவருக்கு ஒரு வழி, கடல் கடந்து இருப்பவருக்கு வேறொரு வழி. ஊருக்கு வந்தவர் இணையத்தில் விண்ணப்பித்து, 500 ரூபாய் கட்டி, நாள் குறித்துக்கொண்டு மையத்துக்குப் போகிறார். முன்பு பிசிசிக்குப் பெரிய சேவா மையங்களையே நாட வேண்டியிருந்தது. 2022 செப்டம்பர் 28 முதல் தபால் நிலையங்களில் இயங்கும் பாஸ்போர்ட் மையங்களிலும் விண்ணப்பிக்கலாம் என்று வெளியுறவு அமைச்சகம் திறந்துவிட்டது. சென்னைக்குப் பேருந்து ஏறியே பழகிய மாவட்டங்களுக்கு அது பெரிய ஆறுதல். பாஸ்போர்ட் எடுத்தபோது நடந்த சரிபார்ப்பு தெளிவாக இருந்து, முகவரியும் மாறாமல் இருந்தால், அலைச்சல் அதிகமில்லாமல் சான்று கைக்கு வந்துவிடுவதும் உண்டு.

வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும்போது பாதை நீள்கிறது. தூதரகத்துக்கான பாஸ்போர்ட் சேவா தளத்தில் படிவத்தை நிரப்ப வேண்டும். அதை அச்செடுத்து, பாஸ்போர்ட், அதன் நகல், அந்த நாட்டில் தங்கியிருப்பதற்கான அனுமதி ஆகியவற்றோடு தூதரகத்திலோ அது நியமித்திருக்கும் ஒப்பந்த நிறுவனத்தின் மையத்திலோ கொடுக்க வேண்டும். அங்கிருந்து கேள்வி இந்தியாவுக்கு வருகிறது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் போகிறது. அங்கிருந்து முகவரிக்குரிய ஸ்டேஷனுக்குப் போகிறது. பதில் அதே படிகளில் ஏறித் திரும்ப வேண்டும். வாரக்கணக்கில் ஆகும் தாமதத்தின் பெரும்பகுதி இந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது.

கள்ளக்குறிச்சிக்காரர் கவனமாக இருக்க வேண்டிய இடமும் இதுதான். படிவத்தில் மாவட்டத்தையும் காவல் நிலையத்தையும் தேர்ந்தெடுக்கும்போது, பாஸ்போர்ட்டில் இருப்பதைப் பார்த்து விழுப்புரத்தைத் தொட்டுவிடுவது இயல்பு. ஆனால் கச்சிராயபாளையம், சங்கராபுரம், சின்னசேலம், கரியாலூர் ஸ்டேஷன்கள் எல்லாம் இன்று கள்ளக்குறிச்சி எஸ்.பி.யின் கீழ் இருப்பவை. விழுப்புரம் போய்ச் சேர்ந்த தாள், ‘நம் எல்லை இல்லை’ என்ற குறிப்போடு அடுத்த மாவட்டத்துக்கு நகரும்வரை, வெளிநாட்டில் ஒருவருடைய விசா கெடு கரைந்துகொண்டிருக்கும். இப்போதைய மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, புதிய மாவட்டப் பெயருள்ள ஆதாரையோ வேறு முகவரிச் சான்றையோ சேர்த்துவைப்பது நல்லது. ஆதாரிலும் விழுப்புரம் என்றே இருந்தால், வெளிநாடு கிளம்பும் முன்பே திருத்திக்கொள்வது இன்னும் நல்லது.

மலைமேல் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல். கல்வராயன் மலை நீண்ட காலம் ஜாகிர்தார்களின் பிடியில் இருந்து, 1976-ல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. அதற்குப் பிறகும் பிறப்பைப் பதிவு செய்வது, பள்ளியில் தேதி கொடுத்துச் சேர்ப்பது எல்லாம் மெதுவாகத்தான் மலையேறின. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன் மலை வட்டம் வந்த பிறகே பல காரியங்களுக்கு அடிவாரம் இறங்க வேண்டிய தேவை குறைந்தது. ஊர்ப்பெயரை ஒவ்வொரு ஆவணமும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கும். ஒரே பெயரில், சில சமயம் அப்பா பெயரும் ஒன்றாகவே உள்ள இருவர் பக்கத்துப் பக்கத்துக் கிராமங்களில் இருப்பார்கள். ஸ்டேஷன் பதிவேட்டில் தேடுவது பெயர், தந்தை பெயர், ஊர் ஆகியவற்றை வைத்துத்தான். பெரியசாமி மகன் ராமசாமி என்ற பெயரில் பழைய வழக்கு ஒன்று இருந்தால், அது இந்த ராமசாமியா அந்த ராமசாமியா என்று யாராவது நேரில் விசாரித்து எழுத வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் பதில் சொல்லத் தயாராக இருப்பது முக்கியம். மிளகு, காப்பி வேலைக்குக் குடும்பத்தோடு கேரளாவுக்கோ கர்நாடகத்துக்கோ போயிருந்தால், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள்.

பழைய வழக்கு என்ற சொல்லை இந்த வட்டாரத்தில் சுற்றி வளைத்துப் பேசிப் பயனில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு நாடு முழுக்க இந்த மலையைப் பார்த்தது. கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்து சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாராய வழக்கும் வன வழக்கும் அங்கே பல குடும்பங்களுக்குத் தெரிந்த சொற்கள். வட தமிழக மலைக் கிராமங்களிலிருந்து செம்மரம் வெட்டப் போய் ஆந்திரச் சிறைகளில் கிடந்தவர்களின் கதையும் சேர்ந்துகொள்கிறது. 2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் இரண்டு வனத்துறை அலுவலர்கள் கொல்லப்பட்ட வழக்கில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் நூற்றுக்கணக்கில் கைதானார்கள். 2016-ல் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. விடுதலையான செய்தி நாளிதழில் வந்தது. அது ஒவ்வொருவருடைய ஊர் ஸ்டேஷன் பதிவேட்டிலும் ஏறியிருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இங்கேதான் சட்டம் சொல்வதையும் டீக்கடையில் சொல்லப்படுவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘ஒரு கேஸ் இருந்தாலே பாஸ்போர்ட்டும் கிடையாது, பிசிசியும் கிடையாது’ என்பது டீக்கடைச் சட்டம். 1967-ம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம் 6-ம் பிரிவில் சொல்வது அதைவிட நுணுக்கமானது. விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் தண்டிக்கப்பட்டு, அந்தத் தண்டனை இரண்டு ஆண்டு சிறைக்குக் குறையாமல் இருந்தால் மறுக்கலாம். குற்றவியல் நீதிமன்றத்தில் நடவடிக்கை நிலுவையில் இருந்தாலும் மறுக்கலாம். நிலுவை எப்போது தொடங்குகிறது என்பதுதான் கேள்வி. எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரணையில் இருப்பது மட்டும் நிலுவை ஆகாது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போய், நீதிமன்றம் அதைக் கோப்பில் எடுத்த பிறகுதான் அது நிலுவை என்று சென்னை உயர்நீதிமன்றம் உட்படப் பல நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. வெளியுறவு அமைச்சகமும் 2019 அக்டோபர் 10 தேதியிட்ட சுற்றறிக்கையில் இதையே தெளிவுபடுத்தியது. வழக்கு நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தாலும், அந்த நீதிமன்றத்தின் அனுமதி பெற்று வெளிநாடு செல்ல 1993 ஆகஸ்ட் 25 அறிவிக்கை வழி வைத்திருக்கிறது.

எப்போதோ அபராதம் கட்டி முடித்த ஒரு சிறு வழக்கு ஒருவருடைய வாழ்க்கையை அடைத்துவிட வேண்டும் என்று சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் அதை நிரூபிக்கும் காகிதம் அவர் கையில் இருக்க வேண்டும்: விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகல், அபராதம் கட்டிய ரசீது, வழக்கு கைவிடப்பட்டதற்கான அறிக்கை. வழக்கு முடிந்த மகிழ்ச்சியில் நீதிமன்றப் படியிறங்கும்போது நகல் மனு போட யாருக்கும் தோன்றுவதில்லை. பத்தாண்டு கழித்துக் கோப்பு பதிவறைக்குப் போன பின், அதுவும் ஆள் வெளிநாட்டில் இருக்கும்போது, அதைத் தேடி எடுப்பது பெரும்பாடு. தன் பெயரில் என்ன இருக்கிறது என்று இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். எஃப்.ஐ.ஆர். நகல்களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்ட பிறகு, புதிய வழக்குகளைக் கண்டறிவதும் எளிதாகியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிசிசி சுத்தமாக வந்துவிட்டது என்பதற்காக, விசா படிவத்தில் ‘எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, தண்டிக்கப்பட்டீர்களா’ என்று கேட்டிருக்கும் இடத்தில் இல்லை என்று எழுதிவிடக் கூடாது. ஏஜென்ட் அப்படி எழுதச் சொன்னாலும் கூடாது. உண்மையை மறைத்ததாகக் கண்டுபிடித்தால் கனடா ஐந்து ஆண்டுகளுக்குக் கதவைச் சாத்திவிடும். சிறிய வழக்கை விளக்கம் எழுதிச் சரிசெய்யலாம். பொய்யை அப்படிச் சரிசெய்ய முடியாது.

சான்று எந்த நாட்டுக்கு என்பதும் கவனிக்க வேண்டியது. இந்தியப் பாஸ்போர்ட் அலுவலகம் தரும் பிசிசி குறிப்பிட்ட ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி, அந்தப் பயணத்துக்குத் தடையான தகவல் எதுவும் இல்லை என்று கூறுகிறது. குவைத்துக்கு வாங்கியதைக் கனடாவுக்குக் காட்ட முடியாது. பெரும்பாலான நாடுகள் ஆறு மாதத்துக்கு மேல் பழைய சான்றை ஏற்பதில்லை. முன்கூட்டியே வாங்கிப் பெட்டியில் வைப்பதில் பொருளில்லை. தேவையான ஆவணங்களைத் தயாராக வைத்துக்கொண்டு, கேட்டவுடன் விண்ணப்பிப்பதுதான் வழி.

வளைகுடா நாடுகளின் விதிகள் அடிக்கடி மாறுகின்றன. ஐக்கிய அரபு அமீரகம் 2018 பிப்ரவரி 4 முதல் வேலை விசாவுக்கு நன்னடத்தைச் சான்றைக் கட்டாயமாக்கியது. இரண்டு மாதம் ஆவதற்குள், ஏப்ரல் தொடக்கத்தில், இந்தியா உள்ளிட்ட சில நாட்டவருக்கு அதை நிறுத்திவைத்தது. 2022 நவம்பரில் சவுதி தூதரகம் இந்தியர்களுக்கு பிசிசி தேவையில்லை என்று அறிவித்தது. அண்ணன் போனபோது கேட்டார்கள் என்பதற்காகத் தம்பிக்கும் கேட்பார்கள் என்றில்லை. கேட்காதது நாளை கேட்கப்படலாம். ஏஜென்ட் சொல்வதோடு நிற்காமல் அந்த நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்ப்பது அவசியம். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். தமிழ்நாடு அரசே 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது.

கனடா போகும் நம் கச்சிராயபாளையத்துக்காரருக்கு இந்தியச் சான்று மட்டும் போதாது. பதினெட்டு வயதுக்குப் பிறகு, கடந்த பத்து ஆண்டுகளில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்கிய ஒவ்வொரு நாட்டிலிருந்தும் சான்று வேண்டும் என்கிறது கனடா. ஆஸ்திரேலியாவின் அளவுகோல் மொத்தம் பன்னிரண்டு மாதம். சிங்கப்பூர்ச் சான்றை அந்நாட்டுக் காவல்துறையே தருகிறது. அதற்குக் கைரேகை வேண்டும். அமெரிக்காவில் வாழ்ந்தவருக்கு எஃப்.பி.ஐ. தருகிறது. மலேசியாவில் வெளியுறவு அமைச்சகம். வேலை முடிந்து ஒரு நாட்டை விட்டுக் கிளம்பும்போதே அந்நாட்டுச் சான்றுக்கான வழியைக் கேட்டு வைத்துக்கொள்பவர்கள் பின்னால் அலைவதில்லை. பழைய பாஸ்போர்ட்டையும் விசாப் பக்கங்களின் நகலையும் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

சில நாடுகள் பிசிசியின் மேல், ஆவணம் உண்மையானது என்று உறுதிசெய்யும் அப்போஸ்டில் முத்திரையும் கேட்கும். இந்தியா 2005-லும் கனடா 2024 ஜனவரியிலும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இணைந்தன. குவைத், கத்தார், அமீரகம் அதில் இல்லாததால், வெளியுறவு அமைச்சகச் சான்றொப்பத்துக்குப் பிறகு அந்தந்தத் தூதரகத்தின் ஒப்பமும் தேவைப்படும்.

இத்தனைக்கும் நடுவில் அதிகம் சொல்லப்படாத ஒரு உரிமை இருக்கிறது. 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ம் பிரிவின்படி, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கல்வராயன் மலையில் வாழும், மலையாளி என்று அழைக்கப்படும் மக்கள் பழங்குடியினர் பட்டியலில் இருப்பவர்கள். பழைய வழக்கின் தீர்ப்பு நகலுக்கு மனு போட, ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடக்கும் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கோரி உயர்நீதிமன்றம் போக, வெளிநாடு செல்ல நீதிமன்ற அனுமதி கேட்க, எல்லாவற்றுக்கும் அரசுச் செலவில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம். தேசிய சட்ட உதவி எண் 15100. வருவாய்க் கோட்டாட்சியரிடம் பழங்குடியினர் சாதிச் சான்று வாங்கி, அதோடு சட்டப் பணிகள் குழுவிடம் விண்ணப்பம் கொடுத்தால் போதும். பிள்ளை விமானம் ஏறுவதற்கு முன், அவன் கையெழுத்து போட ஊரில் இருக்கும்போதே, கொடுத்துவிடுவது நல்லது.